இடுகாட்டில் அவிழ்த்த ஜீப்பு

தீர்த்தகிரி என் அத்தை மகன். என் அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் பச்சையம்மா, கடைக்குட்டி சின்னதம்பி. பச்சையம்மா பெற்றது தீர்த்தகிரியை. சின்னதம்பி பெற்றது கெங்கம்மாளையும் லட்சுமணனையும். தொட்டிலிலேயே பேசி வைத்தபடி கெங்கம்மாளைத் தீர்த்தகிரிக்கே கட்டினார்கள். ஆக, சின்னதம்பி எனக்குச் சித்தப்பா. தீர்த்தகிரிக்கோ தாய்மாமனும் அவர்தான், மாமனாரும் அவர்தான். இந்த உறவைச் சொல்லாமல் அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. அதில் முதன்முதலாகக் கீழே போக ஏறினவர் அவர்தான். தன் காலால் இறங்காமல் போனவரும் அவர்தான்.

எங்கள் ஊர் தொம்பைமேடு. ஜவ்வாது மலையில் சந்தவாசல் பக்கமாக இறங்குகிற சரிவில் இருக்கிறது. சாமையும் கேழ்வரகும் விதைப்போம், மாசி பங்குனியில் புளி உலுக்குவோம். அந்தக் காலத்தில் எங்களுக்கு வண்டிப்பாதை என்று இருந்தது மரம் வெட்டுகிற கூப்புக்காரர் போட்ட மண்பாதை ஒன்றுதான். அதில் ஏறி இறங்கினதும் அவருடைய ஜீப்பு ஒன்றுதான். வெள்ளைக்காரன் சண்டைக் காலத்து ஜீப்பு என்பார்கள். தீர்த்தகிரிக்கு அந்த ஜீப்பில் வேலை. ஜீப்பில் என்று சொல்வது தப்பு, ஜீப்புக்குப் பின்னால். மேட்டில் வண்டி திணறி நின்றால் அது பின்பக்கம் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். அதற்காக ஒரு வேங்கைக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை முழுக்கப் பின்னாலேயே ஓடுவான். புகையும் புழுதியும் தின்று அவன் கறுப்பு இன்னும் கறுத்துப் போனது. டிரைவர் கோபால்சாமி கீழ்நாட்டு ஆள். ஒருநாளும் அவனை உள்ளே உட்கார விட்டதில்லை.

“நீ ஏறிக்கினா கட்டை யார்றா போடுவா?” என்பான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் முன்பக்க அச்சு முறிந்து அந்த ஜீப்பு எங்கள் ஊர் ஓடைக்குள் சாய்ந்தது. கூப்பும் முடிந்துவிட்டது. கூப்புக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரண்டைக் கொடி ஏறிற்று, கோழி அடை காத்தது, ஒரு முறை சாரைப்பாம்பு சட்டை உரித்துப் போட்டது. தீர்த்தகிரி மட்டும் சாமைக்கொல்லைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் பக்கத்தில் சும்மா நிற்பான். ஒருநாள் மலை இறங்கிப் போய்க் கூப்புக்காரரையே கேட்டுவிட்டான். அவர் சிரித்தாராம். “பேரிச்சம்பழத்துக்குப் போட்டாகூட எடுக்கமாட்டான். நீ எடுத்துக்கோ போ.”

இரண்டு ஜோடி எருது கட்டி அதை ஓடையிலிருந்து இழுத்து வந்தபோது ஊரே நின்று பார்த்தது. இழுத்து வந்து எங்கே நிறுத்தினான் தெரியுமா? மாட்டுக்கொட்டகையில். மாடுகளை அவிழ்த்து வெளியே புளியமரத்தடியில் கட்டிவிட்டான். கெங்கம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மாடு மழையில நனையணும், உன் துருப்புடிச்ச இரும்பு நனையக் கூடாதா? உனுக்குப் பைத்தியமா புடிச்சிகீது?”

“மாடு நனஞ்சா ஒதறிக்கும். இது ஒதறிக்குமா?” என்றான் தீர்த்தகிரி.

அன்றிலிருந்து அவள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. சித்தப்பா சின்னதம்பி மட்டும் தினம் வருவார், கேலி பேச. வெற்றிலையை மென்றபடி ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வருவார். “மாப்ள, இதுக்கு எப்ப தீவனம் வெப்ப? கன்னு போடுமா இது?” என்பார். தீர்த்தகிரி அடியில் படுத்தபடி வேலையைப் பார்ப்பான். அவன் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் ஒரு மறையைக் கழற்றினால் அது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதற்கு நேராகத் தரையில் வைப்பான். கொட்டகைத் தரை பூராவும் ஜீப்பு படுத்த மாதிரி இருக்கும். கோழி நடந்தால்கூட விரட்டுவான்.

துரு எடுக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி புளி. எங்கள் பெண்கள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தவன்தானே? பெரிய மிடாவில் புளியைக் கரைத்து இரும்புச் சாமான்களை ஊறப் போட்டான். துரு கழன்று இரும்பு பளபளவென்று வந்தது. ஊரே வாய் பிளந்தது. அந்தச் சந்தோஷத்தில் கார்பரேட்டரையும் தூக்கிப் போட்டுவிட்டு அறுவடைக்குப் போய்விட்டான். திரும்பி வந்து எடுத்துப் பார்த்தால் பெரியம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக அரித்துக் கிடந்தது. அது இரும்பே இல்லை, வேறு உலோகம். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்தவாசலில் லாரி ரிப்பேர் பார்க்கும் சேட்டுவிடம் ஓடினான். சேட்டு அதை மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைத் தீர்த்தகிரி கடைசிவரை நடித்துக் காட்டுவான்.

“யோவ், இன்னாய்யா இது? கார்பரேட்டரப் போட்டுக் கொழம்பு வெச்சியா?”

திட்டித் தீர்த்துவிட்டு, பாழாய்ப்போன வேறொரு வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எது கேட்டாலும் அவரே பழைய சாமானைத் தேடி வைத்திருப்பார். அச்சு வந்தது, சக்கரம் வந்தது. தீர்த்தகிரி எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறினான். வருஷங்கள் போயின.

எழுபத்தொன்பதாம் வருஷம் பொங்கல் முடிந்து ஒரு காலையில் ஊருக்குள் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. நான் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். கொட்டகை முழுக்கப் புகை. புகைக்குள் தீர்த்தகிரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். வண்டி நகரவில்லை, நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருந்தது. அவனும் கூடவே குலுங்கினான். கண்ணில் தண்ணீர். அவ்வளவு நாள் பின்னால் ஓடினவன் முதல்முறையாக அதில் உட்கார்ந்திருந்தான். சித்தப்பாவுக்கு அன்றைக்குக் கேலி வரவில்லை. வெற்றிலை எச்சில் தாடையில் வழிய, துடைக்க மறந்து நின்றார்.

ஓடிற்று என்றாலும் அது முழு வண்டி இல்லை. கைப்பிரேக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. ஆரன் இல்லை. நின்றுபோனால் முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும், அதுவும் சமதளத்தில்தான் ஆகும். மேட்டில் நிறுத்தினால் கட்டை போட ஆள் வேண்டும். அந்த வேலையை மச்சான் லட்சுமணன் எடுத்துக்கொண்டான். ஊரைச் சுற்றி, கொல்லைமேடு வரைக்கும், எல்லைக்கல் வரைக்கும் ஓட்டிப் பழகினார்கள். மலையை விட்டு இறக்கவில்லை.

மாசியில் புளி உலுக்கும்போது சித்தப்பா ஏறியிருந்த கிளை முறிந்தது.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப் போனபோது கண் விழித்துத்தான் இருந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றார். யாரும் எதுவும் யோசிப்பதற்குள் தீர்த்தகிரி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். மூங்கில் தட்டி ஒன்றைப் பின்னால் போட்டு, அதன்மேல் அவரைப் படுக்க வைத்தார்கள். என் சின்னம்மா மங்கம்மாள் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். லட்சுமணன் கட்டையோடு பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டி சரிவில் இறங்கி மறைகிறவரை கெங்கம்மாள் அசையாமல் நின்றாள்.

போகிற வழியில் நடந்ததைச் சின்னம்மா பிறகு சொன்னாள். வலியிலும் அவர் வாய் ஓயவில்லையாம். முதல் தடவை ஜீப்பில் போகிறாரே. சந்தவாசல் ஏரி கண்ணில் பட்டதும் தலையைத் தூக்கப் பார்த்தாராம்.

“மாப்ள, ஊரு வந்துடுச்சி. ஆரன் அடி. யார் வர்றான்னு தெரியட்டும்.”

“ஆரன் இல்ல மாமா.”

“ஆரன் இல்லயா? இன்னாடா வண்டி கட்டன நீ?”

அதுதான் அவர் பேசின கடைசிப் பேச்சு. கேலி பண்ணின வாய் அப்படியே திறந்திருந்தது. சின்னம்மா அவர் சிரிக்கிறார் என்றே நினைத்திருக்கிறாள். வண்டி குலுங்கித் தலை சரிந்த பிறகுதான் அலறினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. “திருப்பு மச்சான்” என்று லட்சுமணன் சொன்னானாம். அவ்வளவுதான். தீர்த்தகிரி வண்டியைத் திருப்பினான்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியே செத்தவரை ஊருக்குள் கொண்டுவருவதில்லை. எல்லைக்கல்லிலேயே இறக்கி வைத்து, அங்கேயே பாடை கட்டி, உறவுமுறைக்காரர்கள் தோள் கொடுத்து இடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள். கல்லைத் தாண்டினதும் இடது கைப்பக்கம் இருக்கிற சமதளம்தான் இடுகாடு. அதற்கு மேலே வீடுகள். பிணம் சுமந்து இடுகாட்டுக்குள் போன பாடை எதுவானாலும் திரும்பி வராது. அங்கேயே முடிச்சை அவிழ்த்து மூங்கில் வேறாக, ஓலை வேறாகப் போட்டுவிட்டு வருவார்கள். முழுசாக வந்தால் இன்னொருத்தரைத் தூக்க வரும் என்பது எங்களுடைய பயம்.

ஜீப்பு சத்தம் கேட்டதும் நாங்களெல்லாம் பாதைக்கு ஓடினோம். இவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதே, நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். வண்டி வளைவு திரும்பினபோது சின்னம்மாவின் முடி அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். வண்டி எல்லைக்கல்லுக்கு வந்தது. நிற்கவில்லை. கல்லைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, நேராக இடுகாட்டுக்குள் போய் நின்றது. என்ஜின் அணைந்தது.

ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் சின்னம்மாவின் உடன்பிறந்த அண்ணன். செத்துக் கிடப்பது அவருடைய தங்கை புருஷன்.

“டேய் தீர்த்தகிரி... எங்க கொண்டாந்து நிறுத்திகீற பாருடா.”

அவன் சுற்றிலும் பார்த்தான். சமாதிக் கற்களைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

“கல்லுகிட்ட மேடு... நிறுத்தினா பின்னால உருண்டுடும். கட்டை போட ஆளில்ல. லட்சுமணன் அப்பன் காலைப் புடிச்சிக்கினு இருந்தான். மேல வூட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு மட்டும்தான் தோணுச்சி.”

அன்றைக்குச் சாயங்காலமே அடக்கம் ஆயிற்று. தனியாகப் பாடை கட்டவில்லை. அவரே இடுகாட்டுக்குள் கிடக்கும்போது எதற்குப் பாடை? வண்டியிலிருந்து கையால் தூக்கிக் குழிக்குள் வைத்தார்கள். மண் தள்ளி முடித்ததும் எல்லோருடைய பார்வையும் ஜீப்பு பக்கம் திரும்பிற்று. அவரைச் சுமந்து வந்த பாடை அதுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அர்ச்சுனன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “இது ஊருக்குள்ள வரக்கூடாது. முழுசா இங்க நிக்கவும் கூடாது. கோடாலி, சம்மட்டி எடுத்துக்கினு வாங்க. ஒடச்சி ஓடையில தள்ளிடலாம்.”

இரண்டு பேர் ஊர்ப்பக்கம் ஓடினார்கள். தீர்த்தகிரி ஜீப்பின் மூக்கில் கை வைத்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்கம் அவனுக்குத் தெரியாதா? மாமன் சாவுக்கு அழுவதா, வண்டிக்கு அழுவதா என்று தெரியாமல் கண் காய்ந்து நின்றான். உயிரோடு இருக்கிற ஆள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கோடாலி வந்தது. முதல் ஆள் ஓங்கினான். பெண்கள் நாங்கள், வண்டியிலிருந்து இறங்கி வந்துவிட்ட சின்னம்மாவும் கூட, பாதையோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம், இடுகாட்டுக்குள் போகக் கூடாது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது. கெங்கம்மாள்.

“நிறுத்துங்க. மாமா, நம்ம ஊர்ல பாடைய எப்பனா கோடாலி போட்டு வெட்டிகீறமா?”

ஓங்கின கை அப்படியே நின்றது. அர்ச்சுனன் திரும்பினார். “இன்னாம்மா சொல்ற?”

“முடிச்சத்தான அவுப்போம்? கட்டனவன் கையாலதான அவுப்போம்? வெட்டனா எங்கப்பன் மேல வெட்டு வுழுந்த மாதிரி. அதோ, கட்டனவன் நிக்கிறான். அவன அவுக்கச் சொல்லு.”

அவள் அந்த ஜீப்பைச் சபிக்காத நாள் இல்லை. இப்போது அப்பனைப் புதைத்த மண் காய்வதற்குள் இப்படிப் பேசுகிறாளே, புருஷன் மேல் உள்ள வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்கிறாளா, அவனைக் காப்பாற்றுகிறாளா? தீர்த்தகிரிக்கும் புரியவில்லை. கத்தியால் குத்தின ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். அர்ச்சுனன் கோடாலிக்காரனைத் தள்ளிப் போகச் சொல்லிக் கை காட்டினார். வழக்கத்தில் அவள் சொன்னதற்கு மறுப்பு இல்லை.

“சரி. நாளைப் பொழுதுக்குள்ள அவுத்துடணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கக் கூடாது.”

மறுநாள் காலையில் தீர்த்தகிரி மறை கழற்றுகிற தன் சாவிகளை ஒரு கோணிச் சாக்கில் போட்டுக்கொண்டு இடுகாட்டுக்குப் போனான். ஊர் ஆண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கோடாலிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். ஏதோ தட்டிக் கழற்றி எறியப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவனோ வீட்டில் செய்த மாதிரியே செய்தான். மறை மறையாக, திருகு திருகாக. எங்கிருந்து வந்ததோ அதற்கு நேராகத் தரையில் வைத்தான். சக்கரம், அச்சு, புளியில் ஊறின ஒவ்வொரு துண்டு. என்ஜினுக்குள்ளிருந்து இவ்வளவு சாமான் வருமா என்று யாருக்கும் நம்ப முடியவில்லை. கம்பிச் சுருள், பல் சக்கரம், விரலை விடச் சின்ன ஆணி. ராஜாக்கண்ணு என்கிற வயசாளி, “பன்னி வயித்துல கூட இவ்ளோ கெடையாதுடா” என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. பொழுது சாயும்போது இடுகாட்டு மண்ணில் ஒரு ஜீப்பு மல்லாந்து படுத்த மாதிரி இருந்தது, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். கடைசித் திருகை வைத்துவிட்டு அவன் எழுந்தான். யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனான். அன்று அவன் சாப்பிடவில்லை என்று கெங்கம்மாள் சொன்னாள்.

மூன்றாம் நாள் பால் தெளிப்பு. அன்றைக்கு மட்டும் பெண்களும் இடுகாட்டுக்குள் போகலாம். குழி வெட்டின கடப்பாரையும் மண்வெட்டியும் அதுவரை அங்கேயே கிடக்கும். பால் தெளித்த பிறகு ஓடையில் கழுவி வீட்டுக்குக் கொண்டுவருவோம். அர்ச்சுனன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினார். அப்போது சின்னம்மா மங்கம்மாள், முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவள், எழுந்தாள். தாலி இழந்து மூன்று நாள் ஆனவள் எழுந்து பேசி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

“ண்ணா, அதக் கழுவி எடுத்துக்கினு போறியே. அது இன்னாது?”

“கடப்பாரம்மா.”

“இரும்புதான? என் புருஷனுக்குக் குழி வெட்டன இரும்பு வூட்டுக்கு வருது. அவர மடியாட்டம் தாங்கிக்கினு வந்த இரும்பு வரக்கூடாதா? அது இரும்பு, இது இன்னா வாழமட்டையா?”

சின்னம்மா அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து, முன்னால் செருகிச் சுற்றுகிற அந்த வளைந்த கம்பியை எடுத்தாள். அதைக் குழந்தையைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். தீர்த்தகிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கெங்கம்மாள் அடுத்ததை எடுத்தாள். மூன்றாம் ஆள் நான். எடுத்தது ஒரு பல் சக்கரம், கனமோ கனம். பிறகு லட்சுமணன், ராஜாக்கண்ணு, கோடாலி ஓங்கினவன். கடைசியில் அர்ச்சுனனே கடப்பாரையை ஒரு தோளிலும் அச்சை இன்னொரு ஆளோடு மறு தோளிலும் தூக்கினார். ஓடை முழுக்க ஜீப்பு. எல்லோரும் புளி போட்டுத் தேய்த்தோம். அதைப் பார்த்துத் தீர்த்தகிரிக்குப் பழைய ஞாபகம் வந்து, செத்த வீட்டுக்காரன் என்பதையும் மறந்து கத்தினான். “கார்பரேட்டருக்குப் புளி போடாதீங்க! கார்பரேட்டருக்குப் புளி போடாதீங்க!” சாவு நடந்த பிறகு முதன்முதலாக அப்போதுதான் சிலர் சிரித்தார்கள். சின்னம்மாவும்.

சீட்டும் மூங்கில் தட்டியும் மட்டும் இரும்பு இல்லை. அவற்றை அங்கேயே விட்டுவிட்டோம்.

திரும்பக் கட்டின கதை பெரிய கதை. முதல் தடவை அவன் தனியாகக் கட்டினான். இந்தத் தடவை அவனைத் தனியாக யார் விட்டது? “இது நான் கழுவுன சாமான், இத எங்க மாட்டப் போற?” என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். கெங்கம்மாள் கொட்டகைக்குள் கூழ் கொண்டுபோனாள். இன்னொரு பக்கம் அர்ச்சுனன் ஊரைக் கூட்டி, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் மேட்டை வெட்டிச் சமதளம் ஆக்கினார், இனி எந்த வண்டியும் அங்கே நிற்கிற மாதிரி. இன்றைக்கு பஸ் நின்று திரும்புவது அந்த இடத்தில்தான்.

சேதி கேட்டு சந்தவாசலிலிருந்து சேட்டு ஏறி வந்தார். கையில் ரப்பர் பந்து வைத்த ஒரு லாரி ஆரன். “மாமனாரு கேட்டாராமே” என்று மட்டும் சொல்லி மாட்டிவிட்டார்.

இழைக்காத மரப்பலகையைச் சீட்டாகப் போட்டுத் தீர்த்தகிரி உட்கார்ந்தான். பக்கத்தில் கெங்கம்மாள். பின்னால் சின்னம்மா, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அர்ச்சுனன். புதுச் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இடுகாட்டுப் பக்கம் திரும்பித் தீர்த்தகிரி அந்தப் பந்தை ஒரு அமுக்கு அமுக்கினான். அப்படி ஒரு சத்தத்தை எங்கள் மலை கேட்டதில்லை. புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்தன. அர்ச்சுனன் பின்பக்கம் வழியாகப் பொத்தென்று தரையில் விழுந்தார். தீர்த்தகிரி விடவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினான், அழுதுகொண்டே.

சின்னம்மா அவன் தோளைத் தொட்டாள்.

“போதும் மாப்ள. அவரு எழுந்து வந்துறப் போறாரு.”